முகம் மீட்கும் வைத்தியம்

நம் தமிழ் வழக்கிலே, காலையில் எழுந்தவுடன் ஒருவரைக் காண்பதை முகத்தில் விழித்தல் என்கிறோம். அன்போடு பேசுவதை முகங்கொடுத்துப் பேசுதல் என்கிறோம். விருந்தினரை வரவேற்கும் இன்சொல்லுக்கு முகமன் என்று பெயர். குற்றம் செய்து நாணியவன், “எந்த முகத்தோடு ஊருக்குள் வருவேன்?” என்கிறான். பலர் நடுவே அவமதிப்புற்றவனை மூக்கறுபட்டான் என்கிறோம். இவ்வழக்குகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை விளங்கும். முகமாவது தோலும் எலும்பும் மாத்திரமன்று. ஒருவன் பிறரோடு கூடி வாழ்தற்கு அமைந்த வாயில் அது. காலில் வடுவுள்ளவன் அதை வேட்டியால் மறைத்துக்கொள்ளலாம். முகத்தில் பழுதுற்றவன் அதை எங்ஙனம் மறைப்பான்?

ஆதலின், நோயாலோ காயத்தாலோ தலையிலும் கழுத்திலும் அழிந்துபட்ட உறுப்புகளை மீண்டும் அமைக்கும் சஸ்திர சிகிச்சையைப் பற்றி இவ்விதழில் சில கூற விரும்புகிறேன். யான் வைத்தியனல்லேன், ஆயினும் என் குடும்பத்தில் ஒருவருக்கு இச்சிகிச்சை நடந்ததை உடனிருந்து பார்த்தவன். யான் சொல்லப் புகுவது ஒன்றே. இச்சிகிச்சை அலங்காரமன்று. இதன் வெற்றியை அளக்கும் கோல் தையலின் நேர்த்தியுமன்று. சிகிச்சை பெற்றவர் மீண்டும் பந்தியில் அமர்ந்து நாலு பேரோடு உண்டு பேசுகின்றாரா என்பதே அக்கோல். அங்ஙனம் அளப்போமாயின், இவ்வேலையிற் பாதி வைத்தியருடையது என்பதும், மற்றப் பாதி நம்முடையது என்பதும் புலனாகும்.

இப்பொருளைப் பற்றிச் சிந்திக்கத் திண்டுக்கல்லாருக்குத் தனிக் காரணம் உண்டு. மைசூரிலிருந்து மதுரைக்கு வரும் வழிக்கு ஒரு பூட்டாக நின்றது நம் மலைக்கோட்டை. 1656-ஆம் ஆண்டை ஒட்டி, திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்திலே, மைசூரரசர் கண்டீரவ நரசராசரின் படை மதுரை நாட்டினுட் புகுந்தது. அப்படையினர் அகப்பட்ட ஆண், பெண், குழந்தைகளை உயிரோடு விட்டு, மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அரிந்துகொண்டு போயினர். அக்காலத்தில் இந்நாட்டில் வாழ்ந்த யேசு சபைப் பாதிரிமார் எழுதிய கடிதங்களிலே இக்கொடுமை பதிவாகியிருக்கிறது. இரகுநாத சேதுபதியின் துணையால் மைசூர்ப்படை துரத்தப்பட்டது. பின்னர் மதுரைப்படையும் மைசூர் எல்லைக்குட் புகுந்து அதே விதமாகப் பழி தீர்த்தது. சரித்திர நூல்கள் இதனை மூக்கறுப்புப் போர் என்று வழங்குகின்றன. கொல்லாமல் மூக்கை மட்டும் அறுப்பானேன்? கொன்றால் அவமானம் ஒரு நாளோடு முடிந்துபோம். மூக்கை அறுத்தால் அவன் உயிரோடிருக்கும் நாளெல்லாம் தன் தோல்வியைத் தானே சுமந்து திரிவான் என்பது பகைவரின் கணக்கு. முகத்தின் மதிப்பை அவர்கள் அறிந்திருந்தனர்.

அதன்பின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. 1790-இல் திண்டுக்கல் கோட்டை ஆங்கிலேயர் கைப்பட்டது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கற் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாருக்கு மாறிற்று. அந்த யுத்தத்திலே ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக் காலம் மூக்கின்றி இருந்த அவருக்குப் புனாவை அடுத்த ஓரிடத்தில், செங்கல் செய்யும் மரபிற் பிறந்த ஒருவர் புதிய மூக்கு அமைத்தார். பம்பாய் இராஜதானியைச் சேர்ந்த ஆங்கில வைத்தியர் இருவர் அதை நேரிற் கண்டனர். 1794 அக்டோபரில் இலண்டன் மாநகரத்து ‘ஜென்டில்மன்ஸ் மாகசீன்’ என்னும் பத்திரிகை அச்செய்தியைப் படத்தோடு வெளியிட்டது.

அச்சிகிச்சையின் முறை இது. மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவாக வளைத்து, பின் அதைத் தட்டையாக்கி நெற்றியின்மேல் வைத்துச் சுற்றிக் கோடிட்டனர். அக்கோட்டின்வழி நெற்றித் தோலை உரித்தெடுத்தனர். ஆனால் இரு புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பு மட்டும் அறுபடாமல் விடப்பட்டது. அத்தோலைத் திருப்பிக் கீழே மடித்து, மூக்கின் தழும்பைக் கீறிப் புதுப்பித்த விளிம்போடு பொருத்தினர். ஏறக்குறைய 25 நாட்கள் சென்று, தோல் புதிய இடத்திலே உயிர் பிடித்தபின்னரே அக்காம்பை அறுத்தனர். நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரரைக் கேட்டால், இது பதியம் போடும் முறைதானே என்பார். கிளையைத் தாய்ச்செடியினின்று அறுக்காமலே வளைத்து மண்ணிற் புதைத்து, அது வேர்விட்ட பின்பு அறுப்பதன்றோ பதியம்? தோலுக்கு வேர் இரத்தக் குழாய். அது அறாதவரையில் தோல் சாகாது. இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சுசுருத சங்கிதை, மூக்கை ஓர் இலையால் அளந்து கன்னத்துத் தோலைக் காம்போடு எடுத்துப் பொருத்துவதையும், மூச்சு விடுதற்கு ஆமணக்குத் தண்டுக் குழல்களை நாசியில் வைப்பதையும் விவரித்திருக்கிறது.

இலண்டனில் ஜோசப் கார்ப்யூ என்னும் ரண வைத்தியர் அப்பத்திரிகைச் செய்தியைப் படித்தார். பிணங்களின்மேற் பலகாலம் பழகிப் பார்த்து, 1814-இல் ஓர் இராணுவ உத்தியோகஸ்தருக்கு அம்முறைப்படியே மூக்கு அமைத்தார். 1816-இல் அதனை நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவில் மூக்கமைக்கும் கலை மீண்டும் தழைத்தது அதன்பின்னரே. இதைச் சொல்வது நம் முன்னோர் பெருமை பேசுதற்கன்று. அக்கலை தோன்றிய நாட்டிலேயே அது பள்ளிக்கூடம் ஏறாமல், சில குடும்பங்களின் கையிலே ஒடுங்கிக் கிடந்தது. அதை எழுதி அச்சிட்டுப் பிறர் அறியச் செய்தவர் வேறு நாட்டார். கல்லூரியிற் பயில்வோர் இதையும் நினைவிற் கொள்வது நன்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்று இச்சமவெளியில் முகங்களைச் சிதைப்பது வாளன்று. வாயில் அடக்கி வைக்கும் புகையிலையே அதற்குப் பெருங்காரணம். திண்டுக்கற் சுருட்டு ஒரு காலத்திற் கடல் கடந்து பெயர் பெற்றது. வேடசந்தூரில் 1948-இல் புகையிலை ஆராய்ச்சி நிலையமே நிறுவப்பட்டது. எத்தனையோ குடும்பங்கள் அப்பயிராலும் வியாபாரத்தாலும் பிழைத்தன. பிள்ளைகளைப் படிக்கவும் வைத்தன. அதை மறுப்பது நன்றியன்று. ஆனால் கணக்கின் மறு பக்கத்தையும் புரட்ட வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் உதட்டிலும் வாயிலும் புற்றுக் கண்டவர் 1,40,000-க்கு மேற்பட்டவர் என்று சர்வதேசக் கணக்கு மதிப்பிடுகிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் 1990-களின் நடுவில் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேடு, நம் மாவட்டத்து ஆண்களிடையே முன்னிற்கும் புற்றுகளுள் வாய்ப்புற்றும் ஒன்றெனக் காட்டிற்று.

என் பெரியப்பா ஒரு புகையிலைக் கிட்டங்கியிற் கணக்கெழுதியவர். கீழ் ஈறில் ஆறாத புண் கண்டு, பல்வலி என்று பல மாதம் கிராம்புத் தைலம் தடவிக் காலம் போக்கினார். வைத்தியசாலைக்குப் போன வேளையில் புற்று எலும்புக்குள் இறங்கியிருந்தது. கீழ்த்தாடையின் முன்பாகத்தை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. அவ்விடத்தில் வைக்க எலும்பு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். காலிலிருந்து என்றனர், யான் நம்பவில்லை.

ஆயினும் அது மெய். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. உடலின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது உள்ளெலும்பு. வெளிப்புறத்து மெல்லிய எலும்பின் நடுப்பாகத்தை, கணுக்காலருகே சிறிது விட்டுவிட்டு எடுத்தாலும் மனிதர் நடக்கலாம். அவ்வெலும்பை அதன் இரத்தக் குழாய்களோடும் மேலுள்ள தோலோடும் எடுத்து, துண்டு துண்டாக வெட்டித் தாடையின் வளைவுக்கு இணங்க அமைத்து, தகட்டாலும் திருகாணியாலும் இறுக்குகின்றனர். பின் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமேயுள்ள அந்த இரத்தக் குழாய்களைக் கழுத்திலுள்ள குழாய்களோடு, மைக்ராஸ்கோப்பின் கீழ், மயிரினும் மெல்லிய நூலால் தைக்கின்றனர். தாடைக்கு இவ்வெலும்பைப் பயன்படுத்தும் முறையை 1989-இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹிடால்கோ வெளியிட்டார். கவாஸ்ஜிக்கு நடந்தது பதியம் என்றால் இது நாற்று நடவு. ஒரு வயலில் வேரோடு பிடுங்கி மறு வயலில் நடுவது. நாற்று வாடுமுன் நட்டாக வேண்டும். நட்டபின் நீர் நின்றுபோகாமற் காக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் இரவும் பகலும் செவிலியர் மணிக்கொரு முறை அத்தோலின் நிறத்தையும் சூட்டையும் பார்க்கின்றனர். நீலம் பாய்ந்தாலோ வெளிறினாலோ உடனே மீண்டும் அறுவை அறைக்குக் கொண்டுபோகின்றனர். பழக்கமுள்ள வைத்தியசாலைகளில் இவ்வாறு நடும் மடல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தோ அதற்கு மேலோ பிழைக்கின்றன.

எல்லாருக்கும் இம்முறை வேண்டுவதில்லை. 1979-இல் அமெரிக்க வைத்தியர் ஸ்டீபன் ஆரியான் காட்டிய வழியிலே, மார்புத் தசையைத் தோலோடு எடுத்து, காம்பு அறாமற் கழுத்தின் வழியே மேலேற்றி வாயின் பள்ளத்தை நிரப்பலாம். அதற்கு மைக்ராஸ்கோப்பு வேண்டாம், நேரமும் குறைவு. கூட்டம் நெருக்கும் நம் வைத்தியசாலைகளில் இம்முறை எத்தனையோ பேரைக் காத்திருக்கிறது. மூப்பாலும் பிற நோயாலும் தளர்ந்தவருக்கு இதுவே தக்கதாதலும் உண்டு. நாக்குக்கும் கன்னத்துக்கும் மணிக்கட்டின் மேலுள்ள மெல்லிய தோலைக் குழாயோடு எடுத்து நடும் வழியைச் சீன வைத்தியர் 1981-இல் வெளியிட்டனர். முறை பல, இன்னாருக்கு இன்னது என்று தேர்வதே வைத்தியரின் அறிவு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். “புற்றை அறுத்து உயிரைக் காத்தால் போதாதா? ஏழைகள் நிறைந்த நாட்டிலே, ஒரு முகத்துக்காகப் பத்து மணி நேரம் அறுவை அறையையும் இரண்டு கூட்டம் வைத்தியரையும் செலவிடுவது தகுமோ? அந்நேரத்தில் வேறு நோயாளர் காத்திருக்கின்றனரே!” என்பர் சிலர். இவ்வினாவை இழிவாக எண்ணலாகாது. பெரிய வைத்தியசாலைகளில் மாதக்கணக்கிற் காத்திருப்போரை யானும் கண்டிருக்கிறேன்.

ஆனால் முகத்தை அமைப்பது உயிரைக் காப்பதினின்று வேறானதன்று. தாடையின் முன்பாகம் போய்விட்டால் நாக்கைத் தாங்குவது ஒன்றுமில்லை. அது பின்சாய்ந்து மூச்சை அடைக்கும். வாய்க்கும் கழுத்துக்கும் நடுவே திறப்பு நின்றுவிட்டால், உமிழ்நீர் கழுத்துக்குள் ஒழுகிப் புண்ணை அழுகச் செய்து, தலைக்கு இரத்தம் செல்லும் பெருநாடியையே உடைத்துவிடக்கூடும். நம்மவர் ‘கரண்டு வைத்தல்’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையை அறுவையிலிருந்து ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நன்று. புண் ஆறாதவருக்கு அது தள்ளிப்போகும். இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. அறுத்த பள்ளத்தை மூட வழியில்லாத வைத்தியரின் கத்தி தயங்கும். மூடத் தெரிந்தவர் துணையிருந்தால் புற்றைச் சுற்றி வேண்டிய அளவு அறுக்கத் துணியும். ஆகவே முகம் அமைப்பவர் பின்னால் வந்து வர்ணம் பூசுபவரல்லர். அவர் முன்னே நிற்பவருக்குத் தைரியம் கொடுப்பவர்.

இனி, சிகிச்சையின் பலன் என்று எதைச் சொல்வது? பெரியப்பாவின் மடல் பிழைத்தது, வைத்தியர் அதை வெற்றி என்று எழுதினர், எழுதியது சரியே. ஆனால் நட்ட தோலுக்குச் சுவை தெரியாது. அது நாக்கைப்போற் புரளாது. சிலருக்கு வாய்க்குள் நட்ட தோலில் மயிர் முளைப்பதும் உண்டு. கீழுதடு மரத்துப்போனபடியால் அவர் உண்ணும்போது ரசம் ஒழுகும். அது அவருக்கே தெரியாது. ‘ப’கரமும் ‘ம’கரமும் அவர் வாயிற் சிதைந்தன. வீட்டில் நடந்த முதற் கலியாணத்திலே, “அண்ணனுக்கு உள்ளறையிலேயே இலை போட்டுவிடலாம், அவருக்கும் சங்கடமில்லை” என்று ஒருவர் சொன்னார். அன்பினாலேயே சொன்னார். நாங்களும் சரியென்றோம். பந்தி நடந்துகொண்டிருக்கையில் பெரியப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து, என் கையிலிருந்த மொய்நோட்டின் கடைசித் தாளில் எழுதிக் காட்டினார்: “எல்லாருக்கும் போட்ட இடத்தில் எனக்கும் போடுங்கள்.”

அவ்வெழுத்தைப் படித்தபோது எனக்கு உண்டான வெட்கம் இன்னும் தீரவில்லை. அவர் காலெலும்பைக் கொடுத்து, வலி பொறுத்து மீட்டுவந்த முகத்தை, நாங்கள் ஒரு வார்த்தையால் உள்ளறைக்கு அனுப்பிவிட்டோம். மூக்கறுப்புப் போரில் வாள் செய்ததை எங்கள் கரிசனம் செய்தது என்றால் அது மிகையன்று.

இது நம் ஊருக்கு மாத்திரம் உரிய குறையன்று. முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னும் ஊரில் வைத்தியசாலை ஒன்று ஏற்பட்டது. ஹரால்டு கில்லிஸ் அங்கே தோலைக் குழாய்போற் சுருட்டிப் பெயர்த்து வைக்கும் முறையைக் கையாண்டு, ஆயிரக்கணக்கான சிகிச்சைகள் நடைபெறச் செய்தார். ஆயினும் ஊருக்குள் சாலையோரத்துப் பெஞ்சுகள் சிலவற்றுக்கு நீல வர்ணம் பூசினர். அவற்றில் அமர்ந்திருப்போர் முகம் பழுதுற்றவராயிருக்கலாம், ஆதலின் திடுக்கிடாதீர் என்று ஊராரை எச்சரிக்கும் பொருட்டு. முகத்தைச் செப்பனிடக் கற்றது ஒரு கூடம். பார்க்கக் கற்கவில்லை ஊர். நம் வேலூரிலோ, குஷ்டரோகிகளின் கைகளைச் செப்பனிட்ட பால் பிராண்டு, கை திருந்தியும் அவர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லாமை கண்டு, 1950-களின் தொடக்கத்தில் தொழில் கற்பிக்கும் நிலையம் ஒன்றையும் வைத்தார். கத்தி நின்ற இடத்தில் சிகிச்சை நிற்கவில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆகவே மூன்று காரியங்களை இக்கல்லூரியைச் சார்ந்த அனைவர்முன்னும் வைக்கிறேன்.

மாணவ நண்பர்களே! தலைசிறந்த முக அமைப்பு யாதெனில், தேவைப்படாமற் போனதே. சிறு புண்ணாயிருக்கும்போது அறுத்தால், பெரும்பாலும் நாலு தையலோடு காரியம் முடியும், குணமடைவோரும் மிகுதி. வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படலம், மூன்று வாரமாகியும் ஆறாத புண், நிமிர்த்திய மூன்று விரல் நுழையாதபடி வாய் இறுகுதல், கழுத்திற் கட்டி. இவற்றுள் ஒன்றை உங்கள் தந்தையிடமோ பாட்டியிடமோ கண்டால், கிராம்புத் தைலத்தை நம்பாமல் அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். 2022-இல் நம் நகருக்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சட்டைப்பையிலேயே புகையிலைப் பொட்டலம் இருக்குமாயின், அதை எறிவது முதல் வேலை.

வைத்தியத் துறைக்குச் சென்ற பழைய மாணவர்களே! மடல் பிழைத்ததா என்று மட்டும் எழுதாதீர்கள். ஓராண்டு சென்றபின் அவர் எதை உண்கிறார், அவர் பேச்சு அயலாருக்கு விளங்குகிறதா, வேலைக்குப் போகிறாரா, விசேஷங்களுக்கு வருகிறாரா என்பவற்றையும் பலன்களாகக் குறித்து வையுங்கள். விழுங்கவும் பேசவும் பழக்குவோர் மாவட்ட வைத்தியசாலைதோறும் வேண்டும் என்று கேளுங்கள். பெரியப்பாவுக்கு அப்பயிற்சி ஆறு மாதம் தாமதித்தே கிடைத்தது. கிடைத்தபின் ‘ம’கரம் திரும்பிற்று.

ஆலையும் பட்டறையும் கடையும் நடத்தும் பெரியோர்களே! சிகிச்சைக்குப் போனவரின் இடத்தை அவருக்கென்றே வைத்திருங்கள். கல்லாவில் அமர்ந்தவரைக் கிடங்கின் மூலைக்கு மாற்றாதீர்கள்.

நம் எல்லார்க்கும் பொதுவான கடமை ஒன்றுண்டு. அதற்குப் பணமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். அப்படிப்பட்டவர் எதிர்ப்பட்டால் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல், அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, முகங்கொடுத்துப் பேசுதல். பெரியப்பா இப்பொழுது பந்தியின் ஓரத்து இலையில் அமர்கிறார். சோறு சற்றுக் குழைய வேண்டும். துண்டு மடியில் இருக்கும். மற்றவரினும் அவருக்குக் கால் மணி நேரம் கூடுதலாகும். அவர் எழும்வரை அவருக்கு அடுத்த இலைக்காரரும் எழுவதில்லை. எங்கள் வீட்டில் இப்பொழுது அது வழக்கமாகிவிட்டது. எல்லார் வீட்டிலும் ஆகுக என்பதே என் வேண்டுகோள்.

— ஒரு பழைய மாணவன்